கதவுக்காரர் போட்ட கேட்

கதவுக்காரர் வீட்டுப் பசுவுக்கு வக்கீலம்மா என்று பெயர் வந்த காரணத்தைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த வேலி போட்டாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவாள். முளையில் கட்டினால் முடிச்சோடு நாக்காலேயே வாதாடி, கடைசியில் அந்த முடிச்சை ஒப்புக்கொள்ள வைத்துவிடுவாள். அடுத்தவர் தோட்டத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டாலோ, அசைபோட்டபடி ஒரு பார்வை பார்ப்பாள். பிடித்தவருக்கே தாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்த வீட்டில் மாடுகள் ஐந்து. ஐந்தும் பால்காரம்மாவின் பொறுப்பு. அவருடைய கணவர் கதவுக்காரர், வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டு, ஊரில் எழும்புகிற வீடுகளுக்கெல்லாம் கதவும் ஜன்னலும் செய்து கொடுப்பவர். மாட்டு விவகாரத்தில் அவர் தலையிடுவதே இல்லை. வக்கீலம்மா மட்டும் விதிவிலக்கு. தாயில்லாக் கன்றாக நின்றவளுக்குப் புட்டிப்பால் கொடுத்தவர் அவர்தான். பட்டறை மூலையில் மரத்தூள் மெத்தையில் படுத்து வளர்ந்தாள். மற்ற கன்றுகள் புல்லைப் பார்த்து வளர்ந்தன. இவள், நாள் முழுக்க அவர் கதவுகளைத் திறந்து சாத்திச் சரிபார்ப்பதைப் பார்த்து வளர்ந்தாள். ஒருநாள் அவருடைய அளவு டேப்பை வாயில் போட்டு முதல் மூன்று அங்குலத்தை மென்று துப்பிவிட்டாள். வேறொருவர் என்றால் புது டேப் வாங்கியிருப்பார். இவர் அன்றிலிருந்து எதை அளந்தாலும் கடைசியில் மூன்றைக் கழித்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "குழந்தை கடிச்சது" என்பார். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிக்கூட அவர் அத்தனை குழைவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்தக் குழந்தைதான் போன தடவை டாக்டரம்மாவை உதைத்தது.

மாடுகளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வந்திருந்தார் டாக்டரம்மா. நாலு மாடு முடிந்து ஐந்தாவதாக வக்கீலம்மா. கயிற்றைக் கதவுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர் சொல்கிறார். கயிறுதான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது வேலியோரம் நின்று பார்த்தவர்கள் சொல்வது. ஊசி வாலடிக்குப் போனதோ இல்லையோ, டாக்டரம்மா சாணிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எடுத்து வைத்திருந்த நாலு குப்பிகளும் அவருக்கு அடியில் உடைந்து கிடந்தன. மூன்று வாரம் நொண்டினார். நாலாவது வாரம், நொண்டாமல் வந்து நின்று, தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் படிச்சது மாட்டுக்கு வைத்தியம் பார்க்க. மாடு எனக்கு வைத்தியம் பார்க்கறதுக்கு இல்லை. ஒரு பட்டி வேணும், ஒரு சந்து வேணும், கழுத்துச் சட்டம் வேணும். வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவேன். இதெல்லாம் இல்லைன்னா என் பை வண்டியை விட்டு இறங்காது."

டாக்டரம்மா கேட்டது பெரிய கோட்டை கொத்தளம் இல்லை. மாடுகளைச் சேர்த்து அடைக்க ஒரு பட்டி. பட்டியிலிருந்து ஒரு கேட் வழியாக ஒவ்வொன்றாக நுழைகிற மாதிரி, இரண்டு பக்கமும் அடைத்த, ஒடுக்கமான ஒரு சந்து. சந்தின் முடிவில், மாடு தலையை நீட்டியதும் கழுத்தின் இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொள்கிற இரும்புச் சட்டம். அவ்வளவுதான். வேலி போடுகிற ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

டாக்டரம்மாவின் வண்டி தெருமுனையைத் திரும்புவதற்குள் பால்காரம்மா தன் தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்க. ஒரு மாட்டுக்கு ரத்தச் சோதனைச் சான்றிதழ் இல்லைன்னாலும் பால் நிலையத்துல நம்ம கேனைத் தொட மாட்டாங்க. ஒருத்திக்காக நாலு பேர் பாலைச் சாக்கடையில ஊத்த முடியாது. வெள்ளிக்கிழமை இவ நின்னா நம்ம வீடு. நிக்கலையா, சனிக்கிழமை தரகர் வீடு."

தரகர் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர். மாட்டுத் தரகு அவர் தொழில். வேலியில் கை ஊன்றி நிற்பது அவர் வாழ்க்கை. வக்கீலம்மாவின் மடியின் மேலும் நடையின் மேலும் அவர் இரண்டு வருடமாகக் கண் வைத்திருந்தார். இதைக் கேட்டதும், வாயிலிருந்த வைக்கோல் துரும்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு புன்னகை.

"என் தம்பியைக் கூப்பிடுங்க. இந்த வட்டாரத்துல பாதிப் பட்டி அவன் போட்டது. ரெண்டு நாள் வேலை" என்றார் பால்காரம்மா.

கதவுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருபது வருஷமா கதவு போடறேன். எனக்குக் கேட் போடத் தெரியாதா?"

விஷயம் கேட் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். பால்காரம்மாவின் தம்பி வெல்டிங் பட்டறைக்காரன். பட்டப்பெயர் தீப்பொறி. வேலையாலும் வந்த பெயர், வாயாலும் வந்த பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தீப்பொறி புது வீடு கட்டினான். வாசல் கதவு மாமா செய்தது. குடிபோன அன்று நாற்பது பேர் வாசலில் நிற்க, கதவு இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை. நாற்பது பேரும் சமையலறை வழியாகப் போனார்கள். தீப்பொறி எல்லார் முன்னாலும், "எங்க மாமா போட்ட கதவு. திருடனும் வர முடியாது, நானும் வர முடியாது" என்றான். சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து மாமனும் மச்சினனும் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நடுவில் பால்காரம்மா தபால் நிலையம் நடத்துவார்.

"சரி, நீங்களே போடுங்க. ஆனா ஒண்ணு. உங்க கதவு வேலையை மாட்டுகிட்ட காட்டாதீங்க" என்றார் பால்காரம்மா. அதை அவர் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கதவுக்காரர் தூக்குக்குண்டும் ரசமட்டமுமாக அலைந்தார். குழி வெட்டி, குழாய்க் கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றையும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கலவை ஊற்றி இறுக்கினார். சந்து இருபது அடி நீளம். அகலம் மூன்று அடி. ஏன் மூன்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது. அவர் வாழ்நாளில் போட்ட வாசல் எல்லாமே மூன்று அடி.

கேட்டைப் பார்க்க வேண்டுமே! நாலு மூலையும் கோணாமல், பச்சை வண்ணம் இரண்டு பூச்சு பூசி, விரலால் தொட்டால் போய்த் தானாக வந்து நின்றது. கேட்டைத் தாங்கும் கீலின் முளைகள் இரண்டும் கம்பத்தில் மேல்நோக்கி நின்றன. அவர் பாணி அது. சாயம் பூச வேண்டும் என்றால் கதவை அப்படியே தூக்கிக் கழற்றிவிடலாம், திருகாணி அவிழ்க்கிற வேலை இல்லை. வீட்டுக்காரர்கள் இதற்காகவே அவரைத் தேடி வருவார்கள்.

"ஒத்தைக் கையால தூக்கிடலாம் போலிருக்கே" என்றார் வேலியோரத்திலிருந்து தரகர்.

"அதுதான் வேலைப்பாடு" என்றார் கதவுக்காரர்.

தரகர் துரும்பை மாற்றிக்கொண்டார்.

புதன்கிழமை ஒத்திகை. ஐந்து மாடுகளும் பட்டியில். கேட் திறந்திருந்தது. சந்தின் வாசல்வரை வந்த மாடுகள் அப்படியே நின்றுவிட்டன. தட்டினார், தள்ளினார், முன்னால் போய் நின்று கெஞ்சினார். ஒன்றும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பால்காரம்மா தவிட்டுக் கையோடு வந்தார். வந்தவர் மாடுகளைப் பார்க்கவில்லை. மாடுகள் எதைப் பார்க்கின்றன என்று பார்த்தார்.

"அந்தச் சட்டையை எடுங்க."

"எந்தச் சட்டை?"

"நீங்க கழட்டி அந்தக் கோடியில காயப்போட்டிருக்கீங்களே. காத்துல கையை ஆட்டுது பாருங்க. எனக்கே பயமா இருக்கு."

சட்டை போனது, மாடுகள் நடந்தன. முதல் நாலும் சந்தின் மறுகோடி வழியாகச் சாதுவாக வெளியே போய்விட்டன. ஐந்தாவதாக வக்கீலம்மா நுழைந்தாள். பாதி தூரம் போனாள். நின்றாள். இடப்பக்கம் அளந்தாள், வலப்பக்கம் அளந்தாள். பிறகு கழுத்தை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்னங்காலைத் தூக்கி வைத்து, ஒரு பெரிய மனுஷி நாற்காலியில் திரும்பி உட்காருகிற நிதானத்தோடு அப்படியே திரும்பினாள். பின்னால் தட்டிக்கொண்டு வந்த கதவுக்காரரும் அவளும் இப்போது மூக்கும் மூக்குமாக நின்றார்கள்.

பின்வாங்கி வெளியே வந்தவர் கதவுக்காரர்தான்.

"நாளைக்குப் பழகிடும்" என்றார், யாரும் கேட்காமலே.

வியாழக்கிழமை காலை பாலைக் கறக்கப் போன பால்காரம்மாவுக்குப் பட்டியில் மாடு இல்லை. பச்சை கேட் தரையில் மல்லாந்து கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். கொஞ்ச நேரத்தில் பால் நிலையத்திலிருந்து ஆள் வந்தான். ஐந்து மாடும் நிலையத்து வாசலில் வரிசையில் நிற்கின்றனவாம். முதலில் நிற்பது யார் என்று அவன் சொல்லவே வேண்டியதில்லை.

"நடுவுல கேன் எதுக்குன்னு நேராவே வந்துட்டாங்களான்னு கேட்கறாங்க" என்றான் அவன்.

"ராத்திரி காத்து பலமா அடிச்சிருக்கும்" என்றார் கதவுக்காரர்.

பால்காரம்மா கேட்டின் கீழ்ச்சட்டத்தைக் காட்டினார். அதில் ஒரு கொத்து வெள்ளை முடி ஒட்டியிருந்தது. ஐந்து மாடுகளில் நெற்றி வெள்ளை ஒருத்திக்குத்தான். "காத்து முடியை உதிர்த்துட்டுப் போயிருக்கு. தலையைக் கீழ கொடுத்து ஒரே தூக்கு. ஒத்தைக் கையால தூக்கறதுதான் வேலைப்பாடுன்னீங்களே, அவளுக்குக் கையே வேண்டியிருக்கலை."

இதற்குள் தரகர் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். தோளில் புதுக் கயிறு. "அண்ணே, நாளைக்கு டாக்டரம்மா வந்து திரும்பிப் போற அலைச்சல் எதுக்கு? இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

கதவுக்காரர் அந்தக் கயிற்றைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த டேப்பைக் கை தானாகப் போய்த் தடவியது. மூன்று அங்குலம் இல்லாத முனை விரலில் உறுத்தியது.

"வெள்ளிக்கிழமை நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். மனைவியின் முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன?"

"உன் தம்பிக்குப் போன் போடு."

"போன் அங்க இருக்கு. வாய் உங்ககிட்ட இருக்கு."

"நீ எப்பவும் பேசறதுதானே."

"ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் தபால் தூக்கி எனக்குத் தோள் வலிக்குது. இந்த ஒரு கடுதாசியை நீங்களே கொண்டுபோய்ச் சேருங்க."

எண்ணை அழுத்துவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஜன்னல் செய்திருக்கலாம். மறுமுனையில் உடனே எடுத்தான்.

"யாருங்க பேசறது?" என்றான் தீப்பொறி. அவனுக்குத் தெரியும்.

"நான்தான்."

"நான்தான்னா? இங்க எல்லாருமே நான்தான்."

"மாமா பேசறேன்டா."

"சொல்லுங்க மாமா. எந்தக் கதவு இறுகிக்கிச்சு?"

கதவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் கயிறு தெரிந்திருக்க வேண்டும். "இறுகலை. கழண்டுகிச்சு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சரி பண்ணலைன்னா வக்கீலம்மாவைக் கொடுத்துடுவா உங்க அக்கா. நீ வரணும்."

"வர்றேன்" என்றான் தீப்பொறி. அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டான். அவன் வாய்க்கு அது சாதனை.

அரைமணி நேரத்தில் வெல்டிங் சாமான்களோடு அவன் வண்டி வந்து நின்றது. இறங்கியவன் பட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். கேட்டைத் தூக்கிப் பார்த்தான். முளைகளைப் பார்த்தான். சந்துக்குள் புகுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தான்.

"மாமா, இது மாட்டை அடைக்கப் போட்ட கேட்டா, மாட்டுகிட்ட கொடுத்த சாவியா?"

"முளை அப்படித்தான்டா வைப்பாங்க."

"வீட்டுக்கு வைப்பாங்க. வீட்டுக்குள்ள இருக்கறவங்க கதவைத் தலையில தூக்கிட்டு வெளிய போக மாட்டாங்க. மேல் முளையைத் தலைகீழாத் திருப்பி வெச்சா எந்தத் தலையும் தூக்க முடியாது." அவன் சந்தின் நடுவில் நின்றான். "இது எதுக்கு இவ்வளவு அகலம்? புருஷன் பொண்டாட்டி கைகோத்துட்டுப் போறதுக்கா? ரெண்டேகால் அடிக்கு மேல ஒரு விரற்கடை இருந்தாலும் மாடு திரும்பிடும்."

"கம்பம் எல்லாம் கலவையில நிக்குது. இனிமே பிடுங்க முடியாது."

"உள்பக்கமா அடைக்கணும். பலகை வேணும். இருபது அடிக்கு ரெண்டு பக்கமும், மாட்டு உடம்புல கீறாத மாதிரி வழவழன்னு. நாளைக்குள்ள அதுக்கு எங்க போறது? கடையில வாங்கி இழைச்சுக் கொண்டுவரவே மூணு நாள் ஆகும்."

அதற்குப் பதில் வைத்திருந்தவர் பால்காரம்மா. தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பட்டறையின் பின்சுவரைப் பார்த்தபடி, சும்மா சொன்னார்.

"பதினொரு கதவு நிக்குதே."

அந்தப் பதினொரு கதவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசலை மாற்றிக் கட்டியவர்கள், மனசை மாற்றிக்கொண்டவர்கள், தொலைபேசியில் அளவு சொல்லித் தப்பாகச் சொன்னவர்கள் என்று பலரும் வாங்காமல் விட்டவை. இருபது வருடச் சேகரம். எல்லாம் நல்ல மரம், நல்ல மெருகு. ஒன்றில் தபால் போடும் துவாரம்கூட இருந்தது. அவற்றை விற்கவும் மாட்டார், அறுக்கவும் மாட்டார். "இந்தக் கதவுகளுக்கெல்லாம் எப்ப வீடு கட்டப் போறீங்க?" என்று பால்காரம்மா கேட்காத மாதம் இல்லை.

கதவுக்காரர் தலையைச் சொறிந்தார். டேப்பை எடுத்தார். ஒரு கதவின் நீளத்தை அளந்து மூன்றைக் கழித்தார்.

"படுக்க வெச்சா ஒரு பக்கத்துக்கு மூணு" என்றார் மெதுவாக.

அன்று பகல் முழுக்க அந்தப் பக்கம் போனவர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தீப்பொறி முளையை அறுத்துத் தலைகீழாக ஒட்டினான், சந்தின் கோடியில் கழுத்துச் சட்டத்தையும் ஒட்டி நிறுத்தினான், நெருப்பு பறந்தது. கதவுக்காரர் கம்பங்களில் கட்டைகளை முடுக்கி, கதவுகளைப் படுக்கை வசத்தில் தூக்கி வைத்து, சந்தை உள்பக்கமாக ஒடுக்கிக்கொண்டே போனார். கைப்பிடிகளைக் கழற்றினார். திருகாணித் தலைகளை உள்ளே அமிழ்த்தி மேலே மெழுகு தடவினார். மாட்டு விலா உரசிப் போனால்கூட ஒரு முடி நிற்காது. தீப்பொறி உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். இன்னொரு தடவை தடவினான்.

"மாமா, ஒரு ஆள் வழி வேணும். மாட்டோட தலை சட்டத்துல இருக்கறப்ப டாக்டரம்மா பின்னால போய் வாலடியில ஊசி போடணும். ஆபத்துன்னா ஒரே நொடியில வெளிய வந்துடணும். நான் கம்பியிலதான் பண்ணுவேன். கொக்கியை எடுத்து, திறந்து... அதுக்குள்ள உதை விழுந்துடும்."

கதவுக்காரரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "நொடியில வெளிய வரணும்னா அதுக்குப் பேர் கதவுடா, மாப்ள."

மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு கதவை மட்டும் துண்டு போட்டார். அந்த இடைவெளியில் இன்னொரு கதவை, நிலையோடு, நேராக நிறுத்தினார். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே ஒரு கைப்பிடி. முழங்கையால் அமுக்கினாலும் திறக்கும். பின்னால் ஒரு சுருள்கம்பி. விட்டதும் தானாகச் சாத்திக்கொள்ளும். நிலை சரியாக நிற்கிறதா என்று ஒன்பது தடவை பார்த்தார். பத்தாவது தடவை தீப்பொறியே குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. எட்டு மணிக்கு எழுந்து வந்த தீப்பொறி நனைந்த கதவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். பை வண்டியிலேயே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சந்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"நான் சந்து கேட்டேன். நீங்க வீடே கட்டிட்டீங்க."

"தபால் துவாரமெல்லாம் இருக்கு டாக்டரம்மா. கடுதாசி வந்தா நேரா மாட்டுகிட்டயே போட்டுடலாம்" என்றார் தரகர். கயிறு இன்னும் அவர் தோளில் இருந்தது.

டாக்டரம்மா கேட்டைக் கீழிருந்து தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் நாலு மாடுகளும் ஒவ்வொன்றாக வந்தன. கேட் மூடும், மாடு கதவுகளுக்கு நடுவே நடந்து கழுத்துச் சட்டத்தில் தலையை நீட்டும், சட்டத்தின் நெம்புகோலைக் கதவுக்காரர் இழுப்பார், டாக்டரம்மா ஆள்வழிக் கதவைத் திறந்து பின்னால் போவார், குப்பி நிறையும். "மாட்டைப் பார்க்கறதுக்குக் கதவைத் தட்டிட்டு உள்ள போறது எனக்கு இதுதான் முதல் தடவை" என்று சொல்லி, மூன்றாவது மாட்டுக்கு உண்மையாகவே தட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாவது வக்கீலம்மா.

பின்னால் கேட் மூடியதும் அவள் நின்றாள். அளந்தாள். கழுத்தை மடக்கித் திரும்பப் பார்த்தாள்; இரண்டேகால் அடி இடம் தரவில்லை. நாலடி பின்வாங்கி, பின்பக்கத்தால் கேட்டை முட்டினாள், கேட் மசியவில்லை. தபால் துவாரத்தில் நாக்கை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை.

"மேல்முறையீடு தள்ளுபடி" என்றான் தீப்பொறி.

வேறு வழியில்லாமல் நடந்தாள். சட்டத்தில் தலையை நீட்டினாள். நீட்டியவள் கண்ணை உயர்த்தி, நெம்புகோலில் கை வைத்திருந்த கதவுக்காரரைப் பார்த்தாள். புட்டிப்பால் கொடுத்தவரைப் பார்க்கிற பார்வை.

கதவுக்காரரின் கை நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

டாக்டரம்மா அதற்குள் கதவைத் திறந்து பின்னால் போய்விட்டார். மூடாத சட்டத்திலிருந்து வக்கீலம்மா தலையை உருவிக்கொண்டு, அறுநூறு கிலோவும் பின்னோக்கி வந்தாள்.

"டாக்டரம்மா!" என்று பால்காரம்மா கத்தினார்.

டாக்டரம்மாவின் முழங்கை கைப்பிடியில் பட்டது. கதவு திறந்தது. இறுகவில்லை, இழுக்கவில்லை, மழையில் ஊறவில்லை. வெண்ணெயில் கத்தி போவது போலத் திறந்தது. அவர் வெளியே வந்ததும் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அடுத்த நொடி உள்ளே 'டொம்' என்று ஒரு குளம்பு கதவில் விழுந்தது. கதவு அசையவில்லை.

தீப்பொறி பக்கவாட்டிலிருந்து ஒரு குழாயை அவளுக்குப் பின்னால் குறுக்கே நுழைத்தான். பின்னால் போக வழியில்லை என்று தெரிந்ததும் வக்கீலம்மா முன்னால் போனாள். தலை சட்டத்துக்குள் வந்தது. மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை கதவுக்காரர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நெம்புகோலை இழுத்தார்.

டாக்டரம்மா உடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கதவைத் தட்டினார். உள்ளே போனார். ஐந்தாவது குப்பி நிறைந்தது.

"முதல்ல கையை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் பால்காரம்மா.

"அவ என்னைப் பார்த்தா."

"அவ எல்லாரையும்தான் பார்ப்பா. டாக்டரம்மா இன்னொரு தடவை நொண்டியிருந்தா நான் உங்களைப் பார்த்திருப்பேன்." சொல்லிவிட்டுத் தரகர் பக்கம் திரும்பினார். "கயிறு தோள்ல கனக்கும், கீழ வைங்க. இவ எங்கயும் போறதா இல்லை."

டாக்டரம்மா போனபின், தீப்பொறி அந்த ஆள்வழிக் கதவைத் திறந்து சாத்தினான். மறுபடி திறந்து சாத்தினான்.

"மாமா, மழையில நனைஞ்சும் இது ஏன் இறுகலை?"

கதவுக்காரர் கட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நல்லாக் காஞ்ச நிலைக்கட்டையில நிக்குது, ஒரு மழை உள்ள இறங்காது. உன் வீட்டுல சுவர் பூசி மூணாவது நாளே கதவை மாட்டணும்னு நின்னது யாரு? சுவர் காயட்டும், பத்து நாள் பொறுடான்னு சொன்னேன். குடிபோற தேதியைச் சொல்லிட்டேன்னு குதிச்சே. ஈரம் அத்தனையும் நிலை குடிச்சுது."

தீப்பொறி கைப்பிடியை விட்டான்; கதவு தானாகச் சாத்திக்கொண்டது. "இதை அன்னிக்கே நாற்பது பேர் முன்னால சொல்லியிருக்கலாமே" என்றான்.

"உன் வீட்டு விசேஷத்துல உன்னையே எப்படிடா சொல்றது?"

"அப்ப நாங்க ரெண்டு வருஷமா சமையலறை வழியாத்தான் போய்க்கிட்டிருக்கோம் மாமா." அவன் கீழே பார்த்தான். "ஞாயித்துக்கிழமை இழைப்புளியை எடுத்துட்டு வாங்க, அந்தக் கதவை இழைச்சுடலாம்."

"வாசல் வழியா வந்தா திறக்காது. எந்த வழியா வரட்டும்?" என்றார் கதவுக்காரர். இரண்டு வருடத்துக்கு உண்டான அத்தனை சிரிப்பையும் இருவரும் அங்கேயே நின்று தீர்த்தார்கள். போகும்போது தீப்பொறி ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: "கேட்டைத் திறந்தே விட்டு வைங்க மாமா. மறுகோடியை மட்டும் பூட்டிடுங்க. மாடுங்க சும்மா சந்துக்குள்ள போய் வந்து பழகட்டும். அடுத்த தடவை அடம் பிடிக்காது."

கதவுக்காரர் அப்படியே செய்தார்.

சனிக்கிழமை காலை, தரகர் வேலிக்கு அப்பால் நின்று குரல் கொடுத்தார். வாயில் துரும்பு இல்லை. "அண்ணே! உங்க மாடு என் அவரைப் பந்தலுக்குக் கீழ நிக்குது!"

"இருக்காது" என்றார் கதவுக்காரர், பல் விளக்கிக்கொண்டே. "வேலி அப்படியே இருக்கு. வேற யார் மாடாவது இருக்கும்."

"நெத்தி வெள்ளை. அவரைக்காயைத் தின்னுட்டு என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்குது. வேற யார் மாடு?"

"ரெண்டு வருஷமா வேணும் வேணும்னு நின்னீங்களே, அவளே தேடி வந்துட்டா" என்றார் பால்காரம்மா, பால் பாத்திரத்தோடு வந்தபடி. ஆனால் அவருக்கும் புரியவில்லை. பட்டியில் நாலு மாடுகள் அமைதியாக நின்றன. வேலி வேலியாக இருந்தது. மறுகோடிப் பூட்டு பூட்டியபடி. பச்சை கேட் கீலில் அசையாமல் இருந்தது. கதவுக்காரர் சந்துக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். படுத்திருந்த கதவுகள் படுத்திருந்தன. நின்றிருந்த கதவு சாத்தியிருந்தது.

பால்காரம்மா அதன் கைப்பிடியில் விரலை வைத்தார். வழவழவென்று ஈரம். எச்சில் இன்னும் காயவில்லை.

இருவரும் அந்தக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டறையில் மரத்தூளில் படுத்துக்கொண்டு, கதவுகள் திறப்பதையும் சாத்துவதையும் நாள் முழுக்கப் பார்த்த ஒரு கன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சுருள்கம்பிதான் சாத்தியிருக்கும்" என்றார் கதவுக்காரர், தற்காப்பாக.

"யாரு சாத்தினா என்ன? போறப்ப கதவைச் சாத்திட்டுப் போயிருக்கா" என்றார் பால்காரம்மா. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. வர்றப்ப வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வாங்கிட்டு வந்துடுங்க."

கதவுக்காரர் டேப்பை எடுத்துக் கதவை அளந்து, மூன்றைக் கழித்துக்கொண்டு, தரகர் வீட்டுப் பக்கம் நடந்தார்.